எல்லைக்கு அப்பால் ஓர் இடம்: இங்கிலாந்தின் உள்ளாட்சிகளும் அவற்றின் பொறுப்பில் வளர்ந்த குழந்தைகளும்

பெற்றோரிடம் வளர வழியற்ற குழந்தைகளைப் பேணும் கடமை இங்கிலாந்தில் நானூறு ஆண்டுகளுக்கும் மேலாக உள்ளூர் அமைப்புகளிடமே இருந்துவருகிறது. 1601ஆம் ஆண்டின் ஏழையர் சட்டம் அக்கடமையைப் பாரிஷ் எனப்பட்ட சிறு வட்டாரத்திடம், அதாவது ஒரு தேவாலயத்தையும் அதைச் சூழ்ந்த குடியிருப்புகளையும் கொண்ட ஊர்ப்பகுதியிடம், ஒப்படைத்தது. செலவுக்கு அவ்வட்டாரத்து நிலவுடைமையாளரிடமும் வீட்டுக்காரரிடமும் ஏழை வரி தண்டப்பட்டது. ஒரு சிறு வட்டாரத்தில் ஆதரவற்ற பிள்ளைகள் ஓராண்டில் இருவர் இருக்கலாம், மறு ஆண்டில் இருபதின்மர் இருக்கலாம். இத்தகைய ஏற்ற இறக்கத்தைத் தாங்கும் இல்லத்தையோ ஆசிரியரையோ மருத்துவரையோ எந்த ஒரு சிறு பாரிஷாலும் தனியே வைத்துக்கொள்ள இயலாது. ஆகவே அண்டை வட்டாரங்கள் கூடிச் செய்வது என்ற யோசனை இக்கடமையுடன் கூடவே பிறந்தது எனலாம். ஆயினும் கூடியவை பெரும்பாலும் செலவைத்தான் பங்கிட்டுக்கொண்டன; எல்லை தாண்டிப் போன குழந்தையை நேரில் சென்று பார்ப்பது யார் என்ற கேள்விக்கு ஒவ்வொரு தலைமுறையும் விடை சொல்லாமலே கட்டடம் எழுப்பியது.

குழந்தைகள் எல்லை தாண்டி அனுப்பப்பட்டதன் தொடக்கம் ஒத்துழைப்பு அன்று, தட்டிக்கழிப்பு. 1662ஆம் ஆண்டின் குடியிருப்புச் சட்டம் ஒவ்வோர் ஏழைக்கும் ஒரு சொந்த பாரிஷ் உண்டென்றும், உதவி பெறும் உரிமை அங்கு மட்டுமே என்றும் வகுத்தது. பின்னர் 1691இல் வந்த சட்டத்தின்படி, தொழில் பழக ஒப்பந்தம் செய்யப்பட்ட பிள்ளை தன் எசமானரின் ஊரில் நாற்பது நாள் தங்கிவிட்டால் அந்த ஊரே அதன் சொந்த ஊராகிவிடும். இதன் பொருளை வரி தண்டியவர்கள் உடனே புரிந்துகொண்டனர்: அடுத்த பாரிஷில் ஒரு எசமானரைத் தேடிப் பிள்ளையை ஒப்படைத்துவிட்டால், நாற்பது நாளில் அப்பிள்ளையின் வாழ்நாள் செலவு அடுத்தவர் கணக்கில் ஏறிவிடும். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பருத்தி ஆலைகள் பெருகியபோது லண்டன் பாரிஷ்கள் குழந்தைகளை லங்காஷயர் முதலிய தொலை மாவட்டங்களுக்கு வண்டி வண்டியாக அனுப்பியதற்கு ஆலைகளின் ஆள்தேவை எவ்வளவு காரணமோ அவ்வளவு இக்கணக்கும் காரணமாகும். லண்டன் குழந்தைகளை 40 மைலுக்கு அப்பால் இவ்வாறு ஒப்பந்தம் செய்யலாகாது என்ற தடை 1816இல்தான் வந்தது.

தொலைவு எப்போதும் தீங்கே என்று கருதுவதும் தவறாகும். லண்டன் பாரிஷ்களின் பொறுப்பிலிருந்த கைக்குழந்தைகள் நெரிசலான ஒர்க்ஹவுஸ்களில், அதாவது உதவி கேட்டு வந்த ஏழைகளைத் தங்கவைத்து வேலை வாங்கிய இல்லங்களில், பிறந்த சில மாதங்களிலேயே பெருமளவில் மடிவதை வணிகரும் கொடையாளருமான ஜோனஸ் ஹான்வே பதிவேடுகளைக் கொண்டு காட்டினார். அவருடைய முயற்சியால் 1767இல் இயற்றப்பட்ட சட்டம், ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை நகரிலிருந்து குறைந்தது மூன்று மைல் தள்ளி நாட்டுப்புறச் செவிலியரிடம் அனுப்பக் கட்டளையிட்டது. ஊர் எல்லைக்கு வெளியே அனுப்புவது உயிர் காக்கும் வழியாகவும் இருக்கலாம் என்பதற்கு அச்சட்டம் சான்று.

பாரிஷ்கள் விரும்பினால் ஒன்றிணைந்து பொது இல்லம் நடத்தலாம் என்று 1782ஆம் ஆண்டின் கில்பர்ட் சட்டம் இடமளித்தது. அந்த விருப்பத்தை 1834ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் கட்டாயமாக்கியது. பாரிஷ்கள் ஏறத்தாழ 600 ஒன்றியங்களாகத் தொகுக்கப்பட்டு, ஒவ்வொன்றும் வரி செலுத்துவோர் தேர்ந்தெடுத்த காப்பாளர் குழு ஒன்றின் கீழ் வந்தது. குழந்தைகளைப் பொறுத்தவரை ஒன்றியமும் சிறியதே என்று உதவி ஆணையராயிருந்த ஜேம்ஸ் பிலிப்ஸ் கே வாதிட்டார். முதியோரோடும் நோயாளரோடும் ஒரே கூரையின் கீழ் வளரும் பிள்ளை ஏழ்மையையே தொழிலாகப் பயிலும் என்பது அவருடைய அச்சம். பல ஒன்றியங்களின் பிள்ளைகளை ஒரே பள்ளியில் சேர்த்தால் பயிற்சி பெற்ற ஆசிரியரை அமர்த்தலாம், தொழிற்கூடம் வைக்கலாம் என்பது அவருடைய கணக்கு. 1844இல் இதற்குச் சட்டம் பிறந்தது. ஆனால் கட்டடச் செலவுக்கு அஞ்சிய காப்பாளர்கள் அசையவில்லை. பள்ளி கட்டுவதைவிடத் தனியார் ஒருவரிடம் தலைக்கு இவ்வளவு என்று குத்தகை பேசி அனுப்பிவிடுவது எளிதாயிருந்தது.

லண்டனுக்குத் தெற்கே டூட்டிங் என்ற ஊரில் பார்தலோமியோ ட்ரூவே என்பவர் நடத்திய இல்லம் அத்தகைய குத்தகைகளில் பெரியது. பல ஒன்றியங்களும் பாரிஷ்களும் வாரத்துக்குத் தலைக்கு நாலரை ஷில்லிங் கொடுத்து அங்கே அனுப்பி வைத்த பிள்ளைகள் 1848ஆம் ஆண்டின் இறுதியில் 1,300க்கும் மேற்பட்டோர். ஹோபர்ன் ஒன்றியத்தின் காப்பாளர்கள் அவ்வாண்டு பார்வையிட வந்தபோது சில பையன்கள் உணவு போதவில்லை என்று முறையிட்டனர். ட்ரூவே அவர்களைக் கடிந்துகொண்டார். காப்பாளர்கள் தம் பிள்ளைகளை அங்கேயே விட்டுவிட்டு ஊர் திரும்பினர். கட்டணம் செலுத்திய ஒவ்வோர் ஒன்றியமும் மற்ற ஒன்றியங்கள் பார்த்துக்கொள்ளும் என்று இருந்திருக்க வேண்டும். இல்லையேல் அத்தனை கண்களுக்கு முன்னே அத்தனை நெரிசல் நிலைத்திராது. டிசம்பர் இறுதியில் காலரா புகுந்தது. சில வாரங்களில் மாண்ட பிள்ளைகள் ஏறத்தாழ 180 பேர்.

இவ்வளவு சாவும் வெளிச்சத்துக்கு வந்தது எல்லைக்கோடு ஒன்றின் தயவால்தான் என்பது இவ்வரலாற்றின் விசித்திரங்களுள் ஒன்று. டூட்டிங் அப்போது சர்ரே மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அம்மாவட்டத்து மரண விசாரணை அதிகாரி அங்கு மடிந்த பிள்ளைகளைக் குறித்து விசாரணை நடத்தவில்லை. ஹோபர்ன் ஒன்றியம் மட்டும் தன் பிள்ளைகளைக் காலந்தாழ்ந்தேனும் மீட்டு, நகருக்குள் இருந்த ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் சேர்த்தது. அங்கு இறந்த பிள்ளைகள் மிடில்செக்ஸ் மாவட்டத்தின் மேற்குப் பகுதிக்கு அதிகாரியான தாமஸ் வேக்லியின் ஆட்சி எல்லைக்குள் இறந்தவர்களானார்கள். மருத்துவ இதழான லான்செட்டைத் தொடங்கியவரும் சீர்திருத்தக்காரருமான வேக்லி விசாரணையைத் திறந்தார். ட்ரூவே மீது கொலையாகாத மரணக் குற்றம் சுமத்தப்பட்டு வழக்கு நடந்தது. நல்ல உணவும் காற்றும் இருந்திருந்தால் பிள்ளை காலராவிலிருந்து பிழைத்திருக்கும் என்று நிறுவ முடியாததால் 1849 ஏப்ரலில் அவர் விடுதலையானார். அப்போது எக்ஸாமினர் இதழில் எழுதிய சார்லஸ் டிக்கன்ஸின் கட்டுரைகள் குத்தகைக்காரரைச் சாடின. அனுப்பிவிட்டுப் பேசாதிருந்த காப்பாளர் குழுக்கள் மீது எந்த வழக்கும் இல்லை.

டூட்டிங்குக்குப் பின் குத்தகை முறை கூசத்தக்கதாயிற்று. கூட்டுப் பள்ளிகள் விரைந்து எழுந்தன. 1849இல் மத்திய லண்டன், தென் மாநகரம், வட சர்ரே என மூன்று பள்ளி மாவட்டங்கள் அமைந்தன. இங்கே மாவட்டம் என்பது நிர்வாகப் பிரிவைக் குறிப்பதன்று. சில ஒன்றியங்கள் ஒரு பொதுப் பள்ளியை நடத்துவதற்காக அமைத்துக்கொண்ட கூட்டு மன்றத்தின் பரப்பையே அது குறிக்கும். லண்டனுக்கு வெளியே ரெடிங்கும் வோக்கிங்காமும் சேர்ந்து ஒன்று, ஷ்ராப்ஷயரின் தென்கிழக்கில் ஒன்று என விரல்விட்டு எண்ணத்தக்க இடங்களில் மட்டுமே இம்முறை வேரூன்றியது. மத்திய லண்டன் மாவட்டம் ஹான்வெல் என்ற இடத்தில் கட்டிய பள்ளி ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளைக் கொள்ளத்தக்கது. 1867ஆம் ஆண்டின் மாநகர ஏழையர் சட்டம் லண்டன் முழுவதற்கும் பொது நிதி ஒன்றை உருவாக்கி, இத்தகைய பள்ளிகளில் பிள்ளைகளைப் பராமரிக்கும் செலவை அதிலிருந்து தர ஏற்பாடு செய்தது. ஏழை வட்டாரங்களின் சுமையைச் செல்வ வட்டாரங்கள் பகிர்ந்துகொண்டது பெரும் நியாயமே. ஆனால் பெரிய பள்ளிக்கு அனுப்பினால் பொது நிதி தரும், உள்ளூரில் வேறு விதமாகப் பேணினால் சொந்தப் பணம் போகும் என்ற நிலை வந்ததும், எந்தப் பிள்ளைக்கு எந்த இடம் ஏற்றது என்பதை நிதிவிதியே தீர்மானிக்கத் தொடங்கியது.

பாசறைப் பள்ளிகள் என்று எதிர்ப்பாளர்கள் பெயரிட்ட இவற்றின் அன்றாட வாழ்க்கை ஓரளவு நன்கு அறியப்பட்டதே. அணிவகுத்து உணவு, அணிவகுத்து உறக்கம், நூற்றுக்கணக்கான பிள்ளைகள் பொதுவாகப் பயன்படுத்திய துவாலைகளின் வழியே பரவிப் பார்வையையே பறித்த கண்ணோய், தலையில் படர்தாமரை. 1896 முதல் 1898 வரை ஹான்வெல்லில் இருந்த சிறுவன் சார்லி சாப்ளின் இந்தப் படர்தாமரைக்கு இலக்காகித் தலை மழிக்கப்பட்டு, அயோடின் பூசப்பட்டுக் கிடந்ததைப் பிற்காலத்தில் தன் வரலாற்றில் எழுதினார். அவருடைய அண்ணன் சிட்னி அங்கிருந்து பிரிக்கப்பட்டு எக்ஸ்மவுத் என்ற பயிற்சிக் கப்பலுக்கு அனுப்பப்பட்டார். அக்கப்பலும் லண்டன் ஒன்றியங்கள் அனைத்துக்கும் பொதுவான மற்றொரு வாரியத்துடையது. தாய் தென் லண்டனில், தம்பி மேற்கே, அண்ணன் தேம்ஸ் ஆற்றின் கப்பலில் என ஒரு குடும்பம் கூட்டு நிர்வாகத்தின் வெவ்வேறு பிரிவுகளில் சிதறியது. ஒவ்வொரு பிரிவும் தன்னளவில் ஒழுங்காகவே இயங்கியது.

இம்முறையின் முதல் பெரும் விமரிசகர் அரசாங்கத்துக்கு உள்ளிருந்தே வந்தார். ஜேன் நாசோ சீனியர், 1834 சட்டத்துக்கு வித்திட்ட அறிக்கையை எழுதியோருள் முதன்மையானவரான பொருளியலாளர் நாசோ வில்லியம் சீனியரின் மருமகள். பிரித்தானிய அரசுப் பணியில் உயர் பதவி பெற்ற முதல் பெண்மணியும் அவரே. பெருங்கூட்டப் பள்ளிகளில் வளர்ந்த பெண்பிள்ளைகள் வீட்டு வேலைக்குச் சென்றபின் என்ன ஆனார்கள் என்று ஒவ்வொருவராகத் தேடி விசாரித்து, தாயன்பு போன்ற எதையும் அறியாது வளர்ந்த அப்பெண்கள் வாழ்க்கைக்கு ஆயத்தமாகவே இல்லை என்று 1870களின் நடுவில் அறிக்கை தந்தார். மாமனார் கட்டிய வீட்டின் சுவரை மருமகள் தட்டிப் பார்த்துப் பூச்சு உதிர்வதைக் காட்டியது போன்ற செயல் அது. கே முதலானோருடன் சேர்ந்து கூட்டுப் பள்ளிகளுக்காக உழைத்த எட்வர்ட் கார்ல்டன் டஃப்னெல் அதை வெகுண்டு மறுத்தார், பள்ளிகள் நீடித்தன. 1890 புத்தாண்டு நாளில் கிழக்கு லண்டன் ஒன்றியங்களுக்கான ஃபாரஸ்ட் கேட் பள்ளியில் தீப்பிடித்து 26 சிறுவர்கள் மாண்டனர். அப்பள்ளியின் நிர்வாகிகளுள் ஒருவராயிருந்த ஹென்ரியட்டா பார்னெட், 1894இல் அரசு அமைத்த விசாரணைக் குழுவில் உறுப்பினராகி, அதன் 1896ஆம் ஆண்டு அறிக்கை பெருங்கூட்டப் பள்ளிகளைக் கண்டிப்பதற்குக் காரணமானோருள் ஒருவரானார். அதன்பின் கூட்டு மாவட்டங்கள் ஒவ்வொன்றாகக் கலைந்தன. ஷெஃபீல்டு ஒன்றியம் அதற்கு முன்பே, 1893 முதல், நகரின் சாதாரணத் தெருக்களில் சாதாரண வீடுகளை எடுத்து, சில பிள்ளைகளை ஒரு பொறுப்பாளரோடு குடியமர்த்தி, அக்கம்பக்கத்துப் பள்ளிக்கே அனுப்பிவந்தது. இதற்குச் சிதறிய இல்லங்கள் என்று பெயர். எந்த அண்டை ஒன்றியத்தோடும் கூட்டுச் சேராமல் ஒற்றை ஒன்றியம் தன் எல்லைக்குள்ளேயே செய்த காரியம் இது என்பது கவனிக்கத்தக்கது.

மற்றொரு வழி, வளர்ப்புக் குடும்பங்கள். 1870ஆம் ஆண்டின் ஆணை, அநாதைகளையும் கைவிடப்பட்டோரையும் ஒன்றிய எல்லைக்கு வெளியே உள்ள குடும்பங்களிடம் வாரம் நான்கு ஷில்லிங்குக்கு மிகாத தொகை கொடுத்து வளர்க்க விடலாம் என்றும், அந்த ஊர்த் தன்னார்வலர் குழு ஒன்று மேற்பார்வையிட வேண்டும் என்றும் விதித்தது. அனுப்புவது ஓர் ஊர், பார்ப்பது மற்றோர் ஊர் என்ற இந்தப் பிரிவினை காப்பாளர் குழுக்கள் 1930இல் ஒழிந்து, அவற்றின் கடமைகள் மாவட்ட, மாநகர மன்றங்களுக்குச் சென்ற பின்னரும் தொடர்ந்தது. அதன் விலையை 1945 ஜனவரி 9 அன்று டெனிஸ் ஓநீல் என்ற 12 வயதுச் சிறுவன் கொடுத்தான். அவனைப் பொறுப்பேற்றிருந்தது தெற்கு வேல்ஸிலுள்ள நியூபோர்ட் நகர மன்றம். அவன் வைக்கப்பட்டிருந்த பண்ணையோ ஷ்ராப்ஷயர் மாவட்டத்தில். நேரில் சென்று பார்க்கும் வேலை யாருடையது என்பதில் இரு மன்றங்களுக்கும் தெளிவில்லை, கடிதங்கள் போய்வந்தன. டிசம்பர் 20 அன்று சென்று பார்த்த நியூபோர்ட் அலுவலர் சிறுவனை அங்கிருந்து அகற்ற வேண்டும் என்று தெரிவித்தும், மூன்று வாரம் எதுவும் நடக்கவில்லை. அடியாலும் பட்டினியாலும் அவன் இறந்தான். சர் வால்டர் மாங்க்டன் நடத்திய விசாரணை, இரு மன்றங்களுக்கு இடையே நிலவிய குழப்பத்தைத் துலக்கமாகப் பதிவு செய்தது.

மைரா கர்டிஸ் தலைமையிலான குழு 1946இல் தந்த அறிக்கை ஏறத்தாழ 1,25,000 குழந்தைகளின் நிலையை ஆராய்ந்து, பொறுப்பு பல அமைச்சகங்களுக்கும் பல உள்ளாட்சிக் குழுக்களுக்கும் சிதறிக் கிடந்ததையே முதற்குறையாகக் கண்டது. 1948ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டம் ஒவ்வொரு மன்றத்திலும் இதற்கெனவே ஒரு குழுவையும், குழந்தைகளைப் பெயர் சொல்லி அறியத்தக்க ஓர் அலுவலரையும் நியமித்தது. இவ்வரலாறு முழுவதிலும் பொறுப்பு யாருடையது என்பது இவ்வளவு தெளிவாயிருந்த காலம் வேறில்லை. மன்றங்களுக்கிடையிலான கூட்டு இவ்வளவு குறைவாயிருந்த காலமும் வேறில்லை.

ஆனால் கடினமான நடத்தையுடைய பதின்வயதினருக்கும் பூட்டிய இல்லம் தேவைப்படுவோருக்கும் தனி மன்றம் ஒன்றால் இடம் வைத்திருக்க முடியாது என்ற பழைய கணக்கு மறையவில்லை. 1969ஆம் ஆண்டின் சட்டம், குற்றம் புரிந்த சிறாருக்கான பள்ளிகளையும் உள்ளாட்சிகளிடம் ஒப்படைத்து, வட்டாரந்தோறும் மன்றங்கள் கூடித் திட்டக்குழு அமைக்கவும், எந்த இல்லம் யாருக்காக என்று வட்டாரத் திட்டம் வகுக்கவும் கட்டாயப்படுத்தியது. நாட்டின் எல்லா மன்றங்களையும் கூட்டுத் திட்டமிடலில் இழுத்த முதல் சட்டம் இதுவே. திட்டங்கள் எழுதப்பட்டன, ஆனால் இல்லங்களின் சொந்தக்காரராகத் தனி மன்றங்களே நீடித்தன, மற்ற மன்றங்கள் கட்டணம் கொடுத்து இடம் வாங்கின. வேல்ஸ் நாட்டின் ரெக்ஸம் அருகே பிரின் எஸ்டின் என்ற இல்லத்தில் 1974 முதல் 1984 வரை நிகழ்ந்த கொடுமைகளை 2000ஆம் ஆண்டின் வாட்டர்ஹவுஸ் விசாரணை அறிக்கை விவரித்தபோது, வெளி மன்றங்கள் அங்கு அனுப்பிய பிள்ளைகளின் நிலையும் அதில் இடம்பெற்றது. 1989ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டம் வட்டாரத் திட்டங்களுக்கு இடமே வைக்கவில்லை.

அந்த வெற்றிடத்தைச் சந்தை நிரப்பியது. செலவுக் குறைப்பாலும் இல்லங்களில் நடந்த கொடுமைகள் கிளப்பிய அச்சத்தாலும் மன்றங்கள் சொந்த இல்லங்களை மூட, தனியார் இல்லங்கள் பெருகின; வீட்டு விலை குறைந்த வடமேற்கு மாவட்டங்களிலும் கென்ட் கடற்கரையின் மார்கேட் போன்ற ஊர்களிலும் அவை குவிந்தன. போட்டியையும் சந்தைகளையும் கண்காணிக்கும் அரசு ஆணையம் 2022இல் வெளியிட்ட ஆய்வின்படி, இங்கிலாந்தில் இல்ல இடங்களில் முக்கால் பங்குக்கு மேல் தனியாரிடம் இருந்தன. பெரிய நிறுவனங்களின் இல்லங்களில் வாரக் கட்டணம் சராசரியாக 2016இல் 2,977 பவுண்டாக இருந்து 2020இல் 3,830 பவுண்டானது. இடம் தேடும் 150க்கும் மேற்பட்ட மன்றங்கள் ஒரே காலியிடத்துக்காக ஒன்றோடொன்று போட்டியிட்டதை அவ்வாய்வு முதன்மைக் குறையாகச் சுட்டியது. இதற்கு முன்பே சில பகுதிகளில் மன்றங்கள் சேர்ந்து பொது ஒப்பந்தம் பேசிவந்தன. ஸ்காட்லாந்தின் 32 மன்றங்களுக்கும் பொதுவான கொள்முதல் அமைப்பு 2008இலேயே உருவானது. ஆனால் பொது ஒப்பந்தம் விலைப்பட்டியலை ஒழுங்குபடுத்துமேயன்றி ஒரு புதிய படுக்கையையும் சேர்க்காது.

குழந்தைப் பராமரிப்பு குறித்து 2022 மே மாதம் ஜாஷ் மெக்காலிஸ்டர் அளித்த சீராய்வு அறிக்கை, வட்டாரப் பராமரிப்புக் கூட்டுறவுகள் என்ற அமைப்புகளைப் பரிந்துரைத்தது: இல்லங்களைக் கட்டுவதும் வளர்ப்புக் குடும்பங்களைத் திரட்டுவதும் இடம் வாங்குவதும் மன்றங்களின் கையிலிருந்து அவற்றுக்கு மாற வேண்டும் என்றது. அரசு அதை மென்மையாக்கி, இரு முன்னோடி வட்டாரங்களில் தொடங்கியது. அவற்றுள் ஒன்றான மாஞ்செஸ்டர் பெருநகர வட்டாரத்தில் பத்து மன்றங்கள் அடங்கும், மற்றது தென்கிழக்கு இங்கிலாந்து. மறுக்கும் மன்றங்களையும் இவ்வாறு சேரச் சொல்லும் அதிகாரம் 2024 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட மசோதாவில் இடம்பெற்றது. இத்துறையின் மூத்த அலுவலர் பலர் இதை ஐயத்தோடு நோக்கினர். குழந்தையை அறிந்த சமூகப் பணியாளர் மன்றத்தில் இருப்பார், இடத்தை அறிந்தவர் கூட்டுறவில் இருப்பார், பெற்றோருக்கு நிகரான சட்டப்பொறுப்போ மன்றத்திடமே நிற்கும் என்பது அவர்களுடைய கவலை. 2024இல் மன்றப் பொறுப்பிலிருந்த 83,000க்கும் மேற்பட்ட குழந்தைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் தம் வீட்டிலிருந்து 20 மைலுக்கு அப்பால் வாழ்ந்தனர்; கூட்டுறவின் பரப்பு விரிந்தால் அத்தொலைவு குறையுமா கூடுமா என்பது அங்கே எத்தனை இல்லங்கள் எந்த ஊர்களில் கட்டப்படுகின்றன என்பதைப் பொறுத்தது. கட்டும் பணத்தை எந்த மன்றம் எவ்வளவு தருவது என்பது அதனோடு சேர்ந்தே எழும் கேள்வி.